தாயின் கண்ணும் துரையின் கண்ணும்
சப்பிரகமுவத் தோட்டங்களிற் பிள்ளைகளின் புகைப்படம் பற்றிய ஒரு நோக்கு

1

பிள்ளையொன்றின் புகைப்படத்தை மதிப்பிட முனையும்பொழுது, அப்படத்தில் இருப்பவர் யார் என்ற வினாவே முதலில் எழுகின்றது. அதனை எடுத்தவர் யார், எடுப்பித்தவர் யார், எவருடைய பார்வைக்காக அது எடுக்கப்பட்டது என்னும் வினாக்கள் பெரும்பாலும் பின்தள்ளப்படுகின்றன. மலையகத் தமிழரின் வாழ்வு பற்றிப் பேசுவோர் புகைப்படங்களைச் சான்றாகக் கொள்ளும்பொழுது இக்குறைபாடு தெளிவாகப் புலப்படும். கொழுந்துக் கூடை சுமந்து நிற்கும் பெண்ணின் படமும், லயத்து வாசலில் மண்ணளைந்து விளையாடும் குழந்தையின் படமும் யதார்த்தமானவை எனப் போற்றப்படுகின்றன. அதே குழந்தையைப் பெற்றோர் தலைவாரிப் பொட்டிட்டு, தீபாவளிச் சட்டை அணிவித்து, நகரத்து ஸ்டூடியோவில் நிறுத்தி எடுப்பித்த படமோ செயற்கையானது, போலியானது என ஒதுக்கப்படுகின்றது.

இம்மதிப்பீடு மீள்பரிசீலனைக்கு உரியது. முதலாவது படத்தை எடுத்தவர் தோட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்; அதனைப் பார்ப்பவரும் வெளியாரே. இரண்டாவது படத்தை எடுப்பித்தவர் அக்குழந்தையைப் பெற்றவர். அதனைப் பார்க்க வேண்டியவர், வளர்ந்தபின் அக்குழந்தையே. ஒரே பிள்ளையை இரு கண்கள் பார்த்துள்ளன. அவற்றுள் ஒன்றை மட்டும் உண்மையென்று கொள்வது உழைப்பவனின் பக்கம் நிற்பதாகத் தோன்றினும், உண்மையில் அவன் தன் பிள்ளையைப் பற்றிக் கொண்ட கருத்தைக் கேளாது விடுவதாகும். சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள தேயிலை, றப்பர்த் தோட்டங்களைக் களமாகக் கொண்டு இவ்விரு கண்களின் வரலாற்றையும் தகுதியையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பெற்றோர் தம் பிள்ளைகளைத் தாமே படம்பிடிப்பது இன்று மிக இயல்பான செயலாகத் தோன்றுகின்றது. ஆயின் அது குறிப்பிட்ட சமூக நிலைமைகளின் விளைவாகும். 1888இல் ஜோர்ஜ் ஈஸ்ற்மன் சுருட்படலக் கமராவைச் சந்தைக்குக் கொணர்ந்தார். 1900இல் அவரது கொடக் நிறுவனம் ஒரு டொலர் விலையில் 'பிறவுணி' என்னும் பெட்டிக் கமராவை விற்கத் தொடங்கியது. அதுவரை தொழில்வல்லாரிடமும் செல்வந்தரிடமும் இருந்த கருவி மேலைநாட்டு நடுத்தர வர்க்கத்தின் வீட்டுப்பொருளாயிற்று. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் போர்தியூவும் அவருடன் இணைந்தோரும் 1965இல் வெளியிட்ட ஆய்வு, பிள்ளைகளுள்ள வீடுகளிலேயே கமரா கூடுதலாகக் காணப்படுவதைச் சுட்டியது. குடும்பம் தன்னைத்தானே ஒரு குடும்பமாக உறுதிப்படுத்திக்கொள்ளும் சடங்கே குடும்பப் புகைப்படம் என்பது அவ்வாய்வின் சாரமாகும்.

இந்திய உபகண்டத்தில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு உம்ராவ் சிங் ஷெர்கில் (1870–1954) ஆவார். புகழ்பெற்ற ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் தந்தையாகிய இவர், தம் மனைவியையும் அம்ரிதா, இந்திரா என்னும் இரு புதல்வியரையும் அவர்களின் குழந்தைப் பருவந்தொட்டுப் பல்லாண்டுகளாகப் படம்பிடித்தார். புடாபெஸ்ற், சிம்லா, பாரிஸ் என வாழிடம் மாறியபொழுதும் கமரா கைவிடப்படவில்லை. பின்னர் இந்திராவின் மகனான விவான் சுந்தரம் இப்படங்களைக் கொண்டு புதிய கலையாக்கங்களைச் செய்தார். தந்தை எடுத்த படம் பேரனின் கையிற் சேர்ந்தமை நோக்கற்பாலது. மூன்று தலைமுறையாக ஒரு பெட்டி பாதுகாப்பாக இருந்ததனாலேயே அது இயன்றது.

இவ்வெடுத்துக்காட்டிலிருந்து பெற்றோரின் கமராவுக்கு வேண்டியவை எவை என்பது தெரியவருகின்றது. கருவி வாங்கப் பணம் வேண்டும். பிள்ளை விழித்திருக்கும் பகற்பொழுதில் வீட்டிலிருக்க ஓய்வு வேண்டும். படம்பிடிக்க வெளிச்சமுள்ள இடம் வேண்டும். எடுத்த படத்தைத் தலைமுறைகளுக்குக் காக்கத் தனக்கென ஒரு வீடும் வேண்டும். பணம், ஓய்வு, வெளிச்சம், வீடு என்னும் இந்நான்கும் தோட்டத் தொழிலாளிக்கு எந்த அளவு கிட்டின என்பதனைக் காண்பதற்கு முன்னர், இந்நான்கும் ஒருங்கே வாய்த்த ஒருவர் இலங்கைத் தோட்டங்களிற் கமராவுடன் வாழ்ந்ததை நோக்குதல் பொருத்தமாகும்.

3

கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் என்னும் தொடர் இலங்கை வரலாறு படிக்கும் எந்த மாணவருக்கும் பழக்கமானது. 1833இன் அச்சீர்திருத்தத்துக்குக் காரணரான சாள்ஸ் ஹே கமரனின் மனைவியே ஜூலியா மார்கரெற் கமரன் (1815–1879). கல்கத்தாவிற் பிறந்த இவருக்கு, 1863இல், நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தனர். தனிமையைப் போக்க வந்த அக்கருவி அவரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞருள் ஒருவராக்கியது. பேரக் குழந்தைகளும், உறவினர் மகளிரும், அயலவரின் பிள்ளைகளும், வீட்டுப் பணிப்பெண்களும் அவரது கமராவின் முன் அமர்ந்தனர். சகோதரியின் மகளான ஜூலியா ஜக்சனை அவர் பலமுறை படம்பிடித்தார். அப்பெண்ணே பின்னாளில் வேர்ஜீனியா வூல்ஃப்பின் தாயானவர். பேரனின் வயதை ஆண்டும் மாதமுமாகப் படத்தின் தலைப்பிலேயே எழுதிவைத்த பாட்டி அவர். மரியன்னையாக அமர்த்தப்பட்ட மேரி ஹிலியர் என்ற பணிப்பெண்ணின் பெயரும் இன்றுவரை அறியப்படுகின்றது.

கமரன் குடும்பத்தின் வருவாயிற் கணிசமான பகுதி இலங்கைக் கோப்பித் தோட்டங்களிலிருந்து கிடைத்தது. ஆதலின் இங்கிலாந்தின் வைற் தீவில் அவர் பூசிய ஒவ்வொரு கண்ணாடித் தகட்டிலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலியாளின் வியர்வை ஓரளவு கலந்திருந்தது எனலாம். 1869இற் கோப்பிச் செடியைப் பற்றிய இலைநோய் தோட்டங்களை அழிக்கத் தொடங்கிய காலத்தில், 1875இல் அவரும் கணவரும் இலங்கைக்கு வந்து சேர்ந்தனர். மைந்தரொருவர் அரச அலுவலராகப் பணியாற்றிய களுத்துறையிலும், மலைநாட்டுத் தோட்டங்களிலும் வாழ்ந்தனர். 1879 சனவரியில் ஜூலியா இறந்தார். அவரது கல்லறை பொகவந்தலாவையிலுள்ள புனித மேரி தேவாலயத்தில் உள்ளது. அங்கிருந்து மலையைக் கடந்து இறங்கும் பாதை சப்பிரகமுவவின் பலாங்கொடையை அடைகின்றது.

இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியவை முப்பதிலும் குறைந்த படங்களே. அவற்றிற் களுத்துறை மக்களும் தோட்டத் தொழிலாளரும் காணப்படுகின்றனர். களுத்துறை விவசாயிகள் என்ற தலைப்புடைய படம் இவற்றுள் முக்கியமானது. அதன்மீதுள்ள குறிப்பு, அச்சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்றும், அருகிலுள்ள முதியவர் தாமே அவளுடைய தகப்பன் என்றும் தமக்கு வயது நூறு என்றும் கூறுவதாகவும் தெரிவிக்கின்றது. அதாவது, இது ஒரு குடும்பப் படம். வயது கேட்டறியப்பட்டிருக்கின்றது, உறவும் கேட்டறியப்பட்டிருக்கின்றது, எனினும் ஐயத்துடன் பதியப்பட்டிருக்கின்றது. பெயர் மட்டும் எழுதப்படவில்லை. அதே களுத்துறையில் விருந்தாளியாகத் தங்கிய ஓவியர் மேரியான் நோர்த்தை அவர் எடுத்த படங்கள் பெயருடன் அறியப்படுகின்றன.

கமரன் கருணையற்றவர் என்பது இவ்விடத்துக் கருத்தன்று. அஞ்சலட்டை விற்ற வணிகரின் படங்களுடன் ஒப்பிடுகையில் அவரது இலங்கைப் படங்களில் மனிதருக்குரிய கண்ணியம் உண்டு. இங்கிலாந்திற் பணிப்பெண்ணுக்கும் பெயரிருந்தது என்பதால், வர்க்க வேறுபாடு ஒன்றையே காரணமாகக் கூறுதலும் பொருந்தாது. குடியேற்ற நாட்டின் கடலைக் கடந்ததும், பெயரிட்டுப் பார்த்த கண் வகையிட்டுப் பார்க்கும் கண்ணாகிவிட்டது. சிறந்த கலைஞரும், பல பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாயுமான ஒருவருக்கே இது நேர்ந்ததெனின், தாய்மை உணர்வு தானாகவே எல்லாப் பிள்ளைகளையும் தழுவுவதன்று என்பது பெறப்படும். கமராவின் கண்ணை உறவு திறக்கின்றது. அவ்வுறவு எங்கே முடிகின்றது என்பதனைச் சமூகம் தீர்மானிக்கின்றது.

4

கமரனின் பின்வந்தோரிடம் அந்தக் கண்ணியமும் குறைந்தது. ஸ்கோவன், ஸ்கீன் ஆகியோரின் நிலையங்களும், 1890இற் கொழும்பிற் தொடங்கப்பட்ட பிளாற்றே நிறுவனமும் தோட்டக் காட்சிகளைப் படமாகவும் அஞ்சலட்டையாகவும் விற்றன. ஹென்றி கேவ் 1900இல் வெளியிட்ட 'கோல்டன் ரிப்ஸ்' என்னும் நூல் இலங்கைத் தேயிலையின் புகழைப் படங்களுடன் உலகுக்கு எடுத்துரைத்தது. இவ்வகைப் படங்களிற் பிள்ளை பெரும்பாலும் இன்னாரின் மகன் அல்லது மகளாகத் தோன்றுவதில்லை. 'தமிழ்ச் சிறுமி', 'கூலிக் குழந்தைகள்' என்ற வகைப்பெயருக்கு ஓர் உருவமாகவே தோன்றுகின்றது. பச்சைக் கொழுந்தும் கறுத்த முகமும் ஒரே விளம்பரத்தின் இரு நிறங்களாயின. தேயிலைப் பெட்டிகளிலும் சுற்றுலாப் பிரசுரங்களிலும் இம்மரபு இன்றும் தொடர்கின்றது.

அக்காலத்தில் அப்பிள்ளைகளின் பெற்றோர் ஏன் கமராவை ஏந்தவில்லை? கூலியின் குறைவு முதற்காரணம் என்பது வெளிப்படை. ஆயின் பணத்தோடு காரணம் முடிவதில்லை. சப்பிரகமுவத் தோட்டங்களிற் பெரும்பகுதி றப்பருக்குரியது. குளிர்ந்த வைகறையிலேயே றப்பர்ப் பால் நன்கு சுரக்குமாதலால், வெட்டுபவர் விடியுமுன் எழுந்து மரங்களை நோக்கிப் போகவேண்டும். சிரட்டைகளிற் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் கொணர்ந்து நிறுக்கும்பொழுது நண்பகல் நெருங்கிவிடும். தேயிலை மலையில் வேலை செய்யும் தாய், காலைப் பெரட்டுக்குப் போகும் வழியிற் குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஒப்படைத்துவிட்டு, மாலைக் கொழுந்து நிறுத்தபின்னரே மீட்டுக்கொள்கின்றாள். பிள்ளை நடை பழகும் வெளிச்சமான பகற்பொழுது பெற்றோருக்கு உரியதாக இருக்கவில்லை. அது தோட்டத்துக்கு விற்கப்பட்டிருந்தது.

மாலையில் அவர்கள் திரும்பும் காம்பராவோ ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முதுகோடு முதுகொட்டிய லயங்களிற் பின்சுவரிற் சாளரமும் இல்லை. அடுப்புப் புகையேறிய அவ்வறையிற் பெட்டிக் கமராவாற் செய்யக்கூடியது எதுவுமில்லை. வேலையற்ற நாளென்றால் மழை நாள். ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரிப் பகுதியிற் கனத்த மழை பெய்தால் றப்பர் வெட்டு நின்றுவிடும். அன்று பெற்றோர் பிள்ளையுடன் இருப்பர். ஆனாற் கூலியுமில்லை, வெளிச்சமுமில்லை. மேலைநாட்டுத் தந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை வெயில் அளித்ததனை இம்மழை இவர்களுக்கு அளிக்கவில்லை.

இந்நிலையிலேயே நகரத்து ஸ்டூடியோவின் முக்கியத்துவத்தை உணரவேண்டும். இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, கேகாலை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை போன்ற கடைத்தெருக்களே தோட்டக் குடும்பங்களின் பெருநகரங்கள். தீபாவளி முற்பணம் கைக்கு வரும். பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை எடுக்கப்படும். அச்சட்டையுடனே படமும் எடுக்கப்படும். இப்படங்களின் அமைப்பு ஏறக்குறைய ஒரே மாதிரியானது. பின்னணியில் வரையப்பட்ட தடாகமோ மாடிப்படியோ காணப்படும். தந்தை நாற்காலியில் முழங்காலிற் கைவைத்து அமர்ந்திருப்பார். தாய் பக்கத்தில் நிற்பார். முன்னே முக்காலியிற் பிள்ளை, கண்மை தீட்டி, கையிற் பிளாஸ்ரிக் பூவுடன் இருக்கும். எவரும் சிரிப்பதில்லை. லயமும் கூடையும் வாளியும் படத்தில் இல்லை.

இதனைப் பொய்யான பிரக்ஞை எனக் கூறும் விமர்சகர் ஒன்றை மறந்துவிடுகின்றார். இப்படத்திற் படப்பிடிப்பாளர் பெற்றோரின் கூலியாள். ஆண்டு முழுவதும் பிறருக்குத் தம் உழைப்பை விற்பவர், அந்தக் கால்மணி நேரத்துக்கு மட்டும் இன்னொருவரின் உழைப்பை வாங்குகின்றார். எந்த நாள், எந்தச் சட்டை, எந்தப் பின்னணி, யாருக்குப் பக்கத்தில் யார் என்பவற்றை அவரே முடிவுசெய்கின்றார். கமரா அவருடையதன்று, ஆயின் கண் அவருடையது. லயத்தைப் படத்திலிருந்து நீக்கியது மறைப்பதற்காக மட்டுமன்று. லயம் தம் பிள்ளைக்கு உரிய இடமன்று என்ற தீர்ப்பே அப்பின்னணித் துணியில் எழுதப்பட்டுள்ளது. வறுமையைக் காட்டும் வெளியாரின் படம் இருப்பதனைக் கூறுகின்றது. பெற்றோரின் படமோ இருக்க வேண்டியதனைக் கூறுகின்றது. இரண்டாவதனை வாசிக்கத் தெரியாதவரின் யதார்த்தவாதம் பாதி யதார்த்தவாதமே.

எனினும் இப்படங்களின் குறைபாட்டையும் மறுத்தற்கில்லை. பெற்றோர் இட்ட ஒழுங்கில் ஆணுக்கே நாற்காலி. ஆண்பிள்ளைக்கு முதற் பிறந்தநாளும் பள்ளிக்கூடமும் படமாகும். பெண்பிள்ளைக்கோ பெரும்பாலும் பூப்புச் சடங்கே முதலாவது பெரும்படம். அன்றாடம் முற்றாக விடுபட்டுள்ளது. தாய் பிள்ளைக்கு உரொட்டி தட்டிக்கொடுத்ததும், பாட்டி இஸ்தோப்பில் வைத்துப் பேன் பார்த்ததும், தந்தை ஓடையிற் குளிப்பாட்டியதும் எங்கும் பதிவாகவில்லை. இவற்றை எடுப்பதற்கு வெளியார் வரலாம். ஆனால் வெளியார் வந்தவுடனே அவை அன்றாடமாக இருப்பதில்லை.

5

படம் எடுப்பித்தலினும் கடினமானது அதனைக் காத்தல். தோட்டக் குடும்பங்கள் பலவற்றிற் பெட்டியின் அடியிற் கிடக்கும் மிகப் பழைய படங்கள் அலுவலகப் பத்திரங்களுக்காக எடுக்கப்பட்டவை. 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபரிற் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974இல் எட்டப்பட்டது. விண்ணப்பத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் படம் வேண்டப்பட்டது. இங்கே கமரா அரசின் கண்ணாயிற்று. முகம் நேராக, காது தெரிய, பின்னணி வெறுமையாக இருத்தல் வேண்டும். குடும்பம் குடும்பமாகவே பகிரப்பட்டது என்றும் கூறமுடியாது. மணமான மகள் இங்கும் பெற்றோர் அங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. அதன்பின் ஸ்டூடியோப் படம் புதியதொரு பணியை ஏற்றது. தமிழ்நாட்டின் ஏதோவொரு ஊரிலிருக்கும் தாத்தாவுக்குப் பேரனின் வளர்ச்சியைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பும் பணி அது.

1981 ஆகஸ்ட் மாதத்திலும் 1983 யூலை மாதத்திலும் இடம்பெற்ற வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத் தோட்ட மக்களும் தாக்கப்பட்டனர். லயங்கள் எரிக்கப்பட்டன. பலர் உடுத்த துணியுடன் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குப் போய்ச் சேர்ந்தனர். எரிந்த காம்பராவிற் பாத்திரமும் துணியும் போலவே படமும் எரியும். பாத்திரத்தை மீண்டும் வாங்கலாம். மூன்று வயதில் எடுத்த படத்தை மீண்டும் எடுக்கவியலாது. 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்தபொழுது கேகாலை மாவட்டம் அதே பாடத்தை மறுபடியும் கற்றது. உம்ராவ் சிங்கின் பெட்டியைப் பேரன் திறந்தமையும், தோட்டத்துத் தாத்தாவின் பெட்டியைத் திறக்கப் பேரனுக்கு வாய்ப்பில்லாமற் போனமையும் கலைத்திறனைப் பொறுத்த வேறுபாடல்ல. முன்னவருக்கு வீடு சொந்தம். பின்னவருக்குக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். இரு நூற்றாண்டு வாழ்ந்த மண்ணிற் காணியுரிமை கேட்டு நிற்கும் சமூகத்திற்கு அல்பம் வைப்பதற்கு ஓர் அலுமாரி என்பதும் அரசியற் கோரிக்கையாகவே அமைகின்றது.

ரோலண்ட் பார்த் என்னும் பிரெஞ்சு விமர்சகர் புகைப்படம் பற்றி 1980இல் வெளியிட்ட நூலில், தம் தாய் ஐந்து வயதுச் சிறுமியாக இருந்தபொழுது எடுக்கப்பட்ட படமொன்றைப் பற்றி விரிவாகப் பேசினார். ஆனால் அப்படத்தை நூலில் வெளியிடவில்லை. தமக்கு எல்லாமாக உள்ள அது, பிறருக்கு ஒரு சாதாரணப் படமாகவே தோன்றும் என்பது அவர் கருத்து. அவர் வெளியிட மறுத்தார். அதற்குரிய சுதந்திரம் அவருக்கு இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளின் படங்களோ வெளியாரின் நூல்களில் வெளிவந்தன; அப்பிள்ளைகளின் கைக்கு வரவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே இங்கு விமர்சனத்தின் பொருளாக வேண்டும்.

6

கைத்தொலைபேசியிற் கமரா வந்தபின் இந்நிலை மாறியுள்ளது. நூற்றைம்பது ஆண்டுகள் பிறர் கையிலிருந்த கருவி முதன்முறையாகப் பெற்றோரின் கைக்கு வந்துள்ளது. மங்கிய ஒளியிலும் படம் விழுகின்றது. ஆதலாற் காம்பராவின் உட்புறமும் மாலைப்பொழுதும் படமாகின்றன. தூங்கும் குழந்தை, பல்விழுந்த சிரிப்பு, மழையில் நனைந்து வந்த பள்ளிச் சீருடை என, ஸ்டூடியோ விட்டுவைத்த அன்றாடம் இப்பொழுது பதிவாகின்றது. படத்திற் காணும் குடும்பம் சிரிக்கவும் பழகிவிட்டது. இது சிறிய மாற்றமன்று.

இம்மாற்றத்தின் ஆழத்தை உணர்த்தும் நிலைமை ஒன்றுண்டு. தோட்டத்து வருவாய் போதாமையால் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்ற தாய்மார் சப்பிரகமுவவிலும் உளர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் செல்வதனைக் கட்டுப்படுத்தும் நோக்குடன் 2013இற் குடும்பப் பின்னணி அறிக்கை என்னும் விதி கொண்டுவரப்பட்டது. பொருளாதார நெருக்கடியின்போது, 2022இல், அது தளர்த்தப்பட்டது. தாய் அங்கே வேறொருவர் பிள்ளையைக் குளிப்பாட்டுகின்றாள். இங்கே தன் பிள்ளை குளிப்பதனைத் தகப்பனோ அம்மாயியோ வட்ஸ்அப்பில் அனுப்பும் படத்திற் காண்கின்றாள். அப்படத்திற்கு ஒரேயொரு பார்வையாளர்தான் உண்டு. சாய்ந்திருந்தாலும், விரல் மறைத்திருந்தாலும், முகம் தெளிவற்றிருந்தாலும் அது தோல்வியுற்ற படமன்று. படம் யாருக்காக என்ற வினாவுக்கு இதனைவிடத் தெளிவான விடை தரும் படத்தை எந்தக் கண்காட்சியிலும் காணவியலாது. அதேவேளை, அப்படம் இன்றியமையாததாக ஆனமைக்குக் காரணமான பிரிவினை அப்படமே ஈடுசெய்துவிடும் என நினைப்பதும் தவறாகும்.

புதிய கருவியுடன் புதிய தவறுகளும் வந்துள்ளன. ஒருவருக்காக எடுக்கப்பட வேண்டிய படம் எவருக்கும் உரியதாக முகநூலில் ஏற்றப்படுகின்றது. பூப்புச் சடங்கிற் சிறுமி நீராட்டப்படும் படங்கள், அவள் விருப்பம் கேளாமலே, அறியாதவர் பார்வைக்கும் செல்கின்றன. பரீட்சைப் புள்ளியும், நோயுற்ற உடலும், அழுகையும் காட்சியாகின்றன. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சாலி மான், தம் மூன்று பிள்ளைகளை அவர்களின் இளமைப் பருவத்திற் படம்பிடித்து 1992இல் நூலாக்கியபொழுது பெரும் சர்ச்சை எழுந்தது. பெற்றவர் என்ற உரிமை பிள்ளையின் உடலைப் பிறருக்குக் காட்டும் உரிமையையும் உள்ளடக்குமா என்பதே அச்சர்ச்சையின் மையம். ஒரு கலைஞரைப் பற்றி அன்று எழுந்த வினா இன்று ஒவ்வொரு லயத்து வாசலிலும் எழுகின்றது. தாயின் கண் காட்சிப்படுத்தும் கண்ணாக மாறும்பொழுது, தான் எதிர்த்து நின்ற துரையின் கண்ணை அது தானே ஏற்றுக்கொள்கின்றது. கையிலுள்ள கருவியாற் கண்ணின் தன்மை உறுதிப்படுவதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. ஸ்டூடியோப் படத்தில் நின்றவாறேனும் இருந்த தாய், கைத்தொலைபேசிப் படங்களிற் பெரும்பாலும் இல்லை. அவள் எடுப்பவளாக இருக்கின்றாள்; அல்லது வேலைத்தலத்தில் இருக்கின்றாள்; அல்லது கடல் கடந்து இருக்கின்றாள். பிள்ளை வளர்ந்து தன் இளமையைத் திருப்பிப் பார்க்கும் நாளில், தன்னைப் பார்த்த முகத்தை அதிற் காணாது போகக்கூடும்.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பிள்ளைகளின் புகைப்படத்தை மதிப்பிடுவதற்கு மூன்று வினாக்கள் வேண்டப்படுகின்றன. படத்திலுள்ள பிள்ளைக்குப் பெயருண்டா என்பது முதலாவது. அப்படம் அப்பிள்ளையின் கைக்குச் சேருமா என்பது இரண்டாவது. வளர்ந்தபின் அதனைக் காணும் அப்பிள்ளை வெட்கமோ சினமோ இன்றி அதனைத் தன்னுடையதென ஏற்குமா என்பது மூன்றாவது. ஒளியமைப்பும் கோணமும் பற்றிய வினாக்கள் இவற்றின் பின்னரே எழலாம். கமரனின் களுத்துறைப் படம் ஒளியமைப்பிற் சிறந்தது. ஆயினும் முதலாம் வினாவுக்கே அது விடையளிக்கத் தவறுகின்றது. மங்கிப்போன தீபாவளிப் படம் கலைத்திறனிற் குறைந்தது. மூன்று வினாக்களுக்கும் அது நேர்நின்று விடையளிக்கின்றது.

2023இல் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த இருநூறாண்டு நினைவுகூரப்பட்டபொழுது, பழைய படங்கள் பலவிடங்களிற் காட்சிக்கு வந்தன. அவற்றுட் பல துரையின் கண்ணாற் கண்டவை. பெற்றோர் எடுப்பித்த படங்களோ இன்னும் தகரப்பெட்டிகளில், மழைக்காலப் பூஞ்சணத்துக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. பல்கலைக்கழகத்துக்கு வந்துள்ள தோட்டத்துப் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்பொழுது செய்யக்கூடியது எளிதானது. பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு படத்தையும் பெரியவர்கள் முன்வைத்து, இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எடுப்பித்தவர் யார் எனக் கேட்டு, மறுபுறத்தில் மென்மையான பென்சிலால் எழுதி வைத்தல் வேண்டும். கைத்தொலைபேசியிற் கிடக்கும் படங்களிற் சிலவற்றையேனும் தாளில் அச்சிட்டு அவற்றுடன் சேர்த்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றிலாவது தாய் இருக்கும்படி, கமராவை அவளிடமிருந்து வாங்கி, அவளை நாற்காலியில் அமர்த்தி எடுத்தலும் வேண்டும்.